கடைசி சீட்டில் தெரிந்த ரோடு

ரிட்டயர் ஆக ஒரு வருஷம் இருக்கும்போதே டிப்போவில் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள், அடுத்து என்ன செய்யப்போகிறாய் என்று. ஆளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். ஸ்கூல் வேன் ஓட்டு என்றார் ஒருவர். ஆடு வாங்கி விடு என்றார் இன்னொருவர். காலையில் வாக்கிங் போ, சர்க்கரை வராது என்றார் ஏற்கெனவே சர்க்கரை வந்த ஒருவர். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

எனக்கென்று ஒரு யோசனை இருந்தது. சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை.

நான் பஸ் டிரைவர். உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம், உத்திரமேரூரிலிருந்து பெருநகர், உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் என்று இந்தப் பக்கத்து ரோடுகளிலேயே என் சர்வீஸ் முடிந்தது. எட்டாவது வரை படித்தேன். அதற்கு மேல் ஸ்டியரிங்தான்.

டிரைவர் ஊரெல்லாம் பார்க்கிறவன் என்று நினைப்பார்கள். பார்க்க முடியாது. அவன் பார்ப்பது ரோடு. எதிரே வரும் லாரி, ஓரத்தில் போகும் மாடு, குறுக்கே வரும் பைக். ஸ்டாப்பில் நிற்கும்போது மட்டும் கண்ணை இடது பக்கம் திருப்பலாம். இறங்கினவர்கள் போவது தெரியும். ஒரு கிளைப்பாதை இருக்கும். இரண்டு பக்கமும் வேலிகாத்தான் முள். அதற்குள் அவர்கள் நடந்து போவார்கள். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை. பாதை ஓரிடத்தில் வளையும். அவர்கள் வளைவுக்குப் போய்ச் சேருவதற்குள் கண்டக்டர் விசில் அடித்துவிடுவார். வண்டியை எடுத்துவிடுவேன்.

வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் தெரியாது.

கனவிலும் அது வரும். பஸ் நின்றுகொண்டிருக்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள். பாதையோடு நடப்பேன். மண் மெத்தென்று இருக்கும். வளைவு கிட்ட வரும்போது வெளிச்சம் அதிகமாகும். தண்ணீர் இருக்கிற இடத்தில் வரும் வெளிச்சம் மாதிரி. அதற்குள் விழிப்பு வந்துவிடும்.

இதுதான் என் யோசனை. ரிட்டயர் ஆனதும் ஒவ்வொரு ஸ்டாப்பாக இறங்குவது. உள்ளே நடந்து போய் வளைவைத் தாண்டிப் பார்ப்பது. திரும்பி வருவது. தனியாக இல்லை. வீட்டுக்காரியோடு.

அவள் அன்றைக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள், மாட்டுக்கு. பக்கத்தில் போய் நின்று சொன்னேன்.

"இன்னா திடீர்னு?"

"ஊர் சுத்தலாம்னு."

"இத்தினி வருசமா சுத்திக்கினு தானேய்யா கீற?"

"நான் எங்க சுத்துனேன். சக்கரம் சுத்துச்சு."

சிரித்தாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு சொன்னாள். "நல்லாத்தான் கீது. ஆனா எனக்கு பஸ்ஸு ஆவாதே."

அது எனக்குத் தெரியும். யோசிக்கும்போது மட்டும் மறந்துவிட்டிருந்தேன்.

அவளுக்கு பஸ்ஸில் ஏறினால் வாந்தி வரும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அப்படித்தான். நடவுக்கும் களைக்கும் போனவள். காலால் நடந்தே எல்லா இடத்துக்கும் போய்ப் பழகினவள். தாய் வீடும் நடக்கிற தூரம்தான். ஆஸ்பத்திரி, பிள்ளை கல்யாணம் என்று தவிர்க்க முடியாதபோது மட்டும் பஸ் ஏறுவாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஓட்டிய வண்டியிலும் அப்படி ஏறியிருக்கிறாள். தலைக்கு மேலே இருக்கிற கண்ணாடியில் பார்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டிருப்பாள்.

"பழகிக்கலாம். ஒரு வருசம் கீது" என்றேன்.

"ஒரு வருசம் வாந்தி எடுக்கச் சொல்றியா?" என்றாள். ஆனால் வருகிறேன் என்றும் சொன்னாள்.

என் வார லீவு அன்றைக்குப் போனோம். நான் டிரைவராகத்தான் யோசித்தேன். வண்டியில் குலுங்காத இடம் எது? இரண்டு சக்கரத்துக்கும் நடுவில் இருக்கிற சீட். அடியில் ஸ்பிரிங் பட்டை புதிதாக மாற்றிய வண்டி எது என்று டிப்போவில் விசாரித்து அந்த வண்டிக்காகக் காத்திருந்து ஏற்றினேன். நடு சீட். ஜன்னல் பக்கம் அவள். பக்கத்தில் நான். அவள் கையில் எலுமிச்சம்பழம். நாக்குக்கு அடியில் புளி. நாஷ்டா சாப்பிடவில்லை.

கண்டக்டர் என்னோடு ரொம்ப நாள் டூட்டி பார்த்தவன். என்னைவிட வயதில் சின்னவன். எங்களைப் பார்த்ததும் ஓடி வந்தான்.

"இன்னாணா, அண்ணிய இட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?"

"பெருநகர்."

"பெருநகர்ல இன்னா விசேஷம்?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா பஸ் ஏறி வந்துக்கினு கீறீங்க?" என்றான். அவளைப் பார்த்து, "அண்ணி, ஸ்டாஃப் பாஸுல உங்களுக்கும் டிக்கெட் இல்ல, அவருக்கும் டிக்கெட் இல்ல. கவர்மெண்ட்ட காலி பண்ணாம வுடமாட்டீங்க போல" என்றான். அவள் புளியை அடக்கிக்கொண்டு சிரித்தாள்.

வண்டி கிளம்பியது. ஓட்டினவன் சின்னப் பையன், சர்வீஸுக்குப் புதுசு. முதல் திருப்பத்திலேயே என் வலது கால் தரையை அழுத்தியது. வேகத்தடை வந்தது. அழுத்தியது. டிராக்டர் ஒன்று ஓரம் கட்டாமல் போனது. இடது கை கியரைத் தேடி அவள் முட்டியைப் பிடித்துவிட்டது.

"இன்னாயா பண்ற?"

"ஒண்ணுமில்ல."

"உன் காலு பிரேக் போடுது. நீ போடறப்பல்லாம் எனக்கு வவுறு தூக்கிப் போடுது."

மானாம்பதி வருவதற்கு முன்னாலேயே ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். அடுத்த ஸ்டாப்பில் இறங்கினோம். கண்டக்டர் படியில் நின்று கத்தினான். "டிரைவர் பொண்டாட்டியே இப்டி பண்ணா, நாளைக்கு எவன் எங்க வண்டில ஏறுவான்?"

அங்கே ஒரு மோட்டார் கொட்டகையில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாய் கொப்பளித்தாள். முகம் கழுவினாள். தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். நான் நிமிர்ந்து பார்த்தேன். நான் எத்தனையோ தடவை நிறுத்தி எடுத்த ஸ்டாப் அது. அதன் பின்னாலேயே ஒரு தாங்கல், சின்ன ஏரி, இருந்தது. நிறைய தண்ணீர் இல்லை. நடுவில் மட்டும் கொஞ்சம். அதில் ஆம்பல் பூத்திருந்தது. கொக்கு ஒன்று ஒரு காலைத் தூக்கிவிட்டு வைக்க மறந்த மாதிரி நின்றது. ரோட்டிலிருந்து பார்த்தால் முள்ளு மட்டும்தான் தெரியும்.

வெயில் ஏறும்வரை அங்கேயே இருந்தோம். திரும்பும்போது வயல் வரப்பில் நடந்தே ஊருக்கு வந்தோம். அவள்தான் முன்னால் நடந்தாள். அவளுக்கு வரப்பெல்லாம் தெரியும்.

அதற்குப் பிறகும் விடவில்லை. இஞ்சி கொடுத்துப் பார்த்தேன். மெடிக்கலில் மாத்திரை வாங்கினேன். அது தூக்கத்தைக் கொடுத்தது. இறங்கின இடத்திலும் தூங்கினாள். சாப்பிட்டுவிட்டுப் போனோம், சாப்பிடாமல் போனோம். சீட் மட்டும் மாறவில்லை. நடுவில் குலுங்காது, நடுவில்தான் நல்லது என்று உட்கார வைத்தேன். ஒவ்வொரு தடவையும் பாதி வழியில் இறங்கினோம்.

கடைசியில் ஒருநாள் சொன்னாள்.

"நீ போய்ட்டு வாயா. வந்து சொல்லு. நான் கேட்டுக்கறேன்."

கோபத்தில் சொல்லவில்லை. சலித்தும் சொல்லவில்லை. எனக்காகச் சொன்னாள்.

அடுத்த லீவில் தனியாகப் போனேன். பெருநகரில் இறங்கி செய்யாற்றுப் பக்கம் நடந்தேன். ஆற்றில் ஓரமாகக் கயிறு மாதிரி தண்ணீர் ஓடியது. மணலில் நாணல் அசைந்தது. அந்தப் பக்கக் கரையில் யாரோ துணி காயப் போட்டிருந்தார்கள். மஞ்சள், சிவப்பு, நீலம். காற்று வரும்போது எல்லாம் ஒன்றாக எழும்பி ஒன்றாகப் படியும். எத்தனை நேரம் பார்த்தேன் என்று தெரியவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவள் டீ போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லு."

"ஆறு கீது. மணல் கீது."

"அப்பால?"

"துணி காயப் போட்டுக்கினு இருந்தாங்க."

"அப்பால?"

"அவ்ளோதான்."

"இதுக்கா ஒரு நாளு பூரா?" என்று கேட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

பார்த்ததெல்லாம் எனக்குள் இருந்தது. வாயில் வரவில்லை. எனக்குப் பேச வராது. வண்டியில் டிரைவருடன் பேசாதே என்று எழுதிப் போட்டிருப்பார்கள். அதையே பார்த்துக்கொண்டு இருந்தவன் நான். அவள் அப்படி இல்லை. கடைக்குப் போய் வந்தால்கூட வழியில் பார்த்த கோழியிலிருந்து சொல்லுவாள். எங்கள் வீட்டில் சொல்கிறவள் அவள். கேட்கிறவன் நான். அவளை வீட்டில் விட்டுவிட்டு நான் போனால் அது பாதிகூட இல்லை. அன்றைக்கு ரிட்டயர்மெண்டை நினைத்து முதல் தடவையாகப் பயம் வந்தது. பகல் முழுக்க வீட்டில், எதிரெதிரே உட்கார்ந்து, நான் சொல்லத் தெரியாமல், அவள் கேட்டுக் கேட்டு ஓய்ந்து போய்.

அப்போது ஒரு முகூர்த்த நாள் வந்தது. பழையசீவரத்தில் அவள் சொந்தத்தில் கல்யாணம். போகாமல் இருக்க முடியாது. அன்றைக்கு எனக்கு லீவு கிடைத்தது. பஸ்ஸில் நிற்க இடமில்லை. நடு சீட் என்ற பேச்சுக்கே இடமில்லை. முன்படியில் பெண்கள் கூட்டம் அவளை உள்ளே இழுத்துக்கொண்டது. என்னைப் பின்படியில் தள்ளிவிட்டார்கள். கொஞ்ச தூரம் போனதும் யாரோ இறங்க, எனக்குக் கடைசி வரிசையில் மூலை சீட் கிடைத்தது.

அவள் தெரியவில்லை. எட்டிப் பார்த்தேன். பட்டுப்புடவையும் மல்லிகைப் பூவும்தான் தெரிந்தது. எலுமிச்சம்பழம் என் சட்டைப் பையில் இருந்தது. வாந்தி வந்தால் எடுக்க வைத்திருந்த பிளாஸ்டிக் கவரும் என்னிடம்தான் இருந்தது. பட்டுப்புடவைக் கூட்டத்தின் நடுவில் அவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வாள்? எழுந்து போகவும் வழியில்லை. ஒரு ஸ்டாப் போனது. சத்தம் எதுவும் வரவில்லை. இன்னொரு ஸ்டாப் போனது. பார்க்க ஒன்றும் இல்லாமல் பின்னால் திரும்பினேன்.

பின்கண்ணாடியில் ரோடு போய்க்கொண்டிருந்தது.

எனக்கு ரோடு என்றால் எதிரே வருவது. இத்தனை வருஷமும் என் மேலேயே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு முதல் தடவையாக அது என்னை விட்டுப் போவதைப் பார்த்தேன். பக்கத்தில் பெரிதாக நின்ற புளியமரம் சின்னதாகி, செடியாகி, புள்ளியாகி ரோட்டின் முனையில் கரைந்தது. அடுத்த மரம் வந்தது. அதுவும் போனது. சைக்கிளில் வந்த ஒரு ஆள் மிதித்துக்கொண்டே இருந்தார், நகராமலே தூரமானார். ரோட்டில் காயப் போட்டிருந்த நெல் மேலே வண்டி ஏறி இறங்கியதும் தூசி எழுந்து, வெயில் பட்டு, பொன் மாதிரி நின்று, மெதுவாகத் தன் இடத்திலேயே உட்கார்ந்தது. எதற்கும் அவசரமில்லை. எதற்கும் நான் ஹாரன் அடிக்க வேண்டியதில்லை. எல்லாவற்றையும் அது போகிற வரைக்கும் பார்க்கலாம்.

கொஞ்சம் கழித்துத்தான் கவனித்தேன். என் வலது கால் சும்மா இருந்தது.

திருமுக்கூடல் பாலத்தில் ஏறும்போது காற்று வேறு மாதிரி வந்தது. பாலாற்று மணல் இரண்டு பக்கமும் வெள்ளையாக விரிந்தது. பாலம் நீளமாகப் பின்னால் போனது. தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை. அப்படி ஒரு நிலையில் இருந்தேன்.

பழையசீவரம் வந்தது. பின்படியில் இறங்கி ஓடினேன். அவள் முன்படியில் இறங்கி நின்றுகொண்டிருந்தாள். கவரை நீட்டினேன்.

"இது இன்னாத்துக்கு?" என்றாள்.

"வாந்தி ஆவலியா?"

"ஆவல."

இன்ஜின் பெட்டிக்குப் பக்கத்தில் நீட்டுக்குப் போட்டிருக்கிற சீட்டில் அவளை உட்கார வைத்திருக்கிறார்கள். எதிரே பெரிய கண்ணாடி. அதற்கு முன்னால் ரோடு.

"யோவ், இத்தினி வருசம் நீ இதையா பாத்துக்கினு இருந்த? அப்பிடியே நம்ம மேலயே வருதுய்யா எல்லாம்! வளைவு வர்றது முன்னாடியே தெர்து. பள்ளம் வர்றது தெர்து. வவுறு அதுக்குத் தக்கன ரெடியாய்க்கிது. நடு சீட்டுல ஒண்ணுமே தெர்யாது, திடீர்னு தூக்கிப் போடும். உனக்கு யாரு சொன்னது நடு சீட்டு நல்லதுன்னு?"

"நான்தான்."

"பெரிய டிரைவரு" என்றாள்.

கல்யாணத்தில் சாப்பிட்டோம். அவள் நன்றாகச் சாப்பிட்டாள். திரும்பும்போது கூட்டம் இல்லை. நானும் அவளோடு முன் சீட்டில் உட்கார்ந்தேன். மண்டபத்தில் இருந்த சந்தோஷத்தில் என் காலை மறந்துவிட்டேன். பாலம் தாண்டுவதற்குள் என் கால் தரையை மிதிக்க ஆரம்பித்தது. ஓட்டினவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணே, நான் போடறேன், நீ வுடு" என்றார். அவள் முந்தானையை வாய்க்குக் கொண்டுபோனாள்.

"எந்திரிய்யா. நீ பின்னாடி போ."

போனேன். கடைசி சீட்டில் உட்கார்ந்தேன். ஊர் வரைக்கும் அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மீதி இருந்த மாதங்களில் ஒவ்வொரு லீவிலும் அப்படித்தான் போனோம். ஒரே வண்டி. அவள் முன்னால். நான் பின்னால். நடுவில் பஸ் முழுக்க ஜனம். டிப்போவில் பேச்சாகிவிட்டது. கண்டக்டர் ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து காதோடு கேட்டான்.

"இன்னாணா, வூட்ல எதுனா பேஜாரா? பேசிக்கறது இல்லியா?"

"அதெல்லாம் இல்ல."

"அப்பறம் ஏன் தனித்தனியா?"

"அப்டித்தான் ஒத்துக்கிது."

அவன் முன்னால் போய் அவளிடம் கேட்டிருக்கிறான். அவளும், "பக்கத்துல உக்காந்தா வாந்தி வருது தம்பி" என்று சொல்லியிருக்கிறாள். அதோடு விட்டிருந்தால் சரி. அதை அவன் டிப்போ முழுக்கச் சொன்னான். என் கடைசி டூட்டி அன்றைக்கு மாலை போட்டபோது ஒருவர் மைக்கிலேயே சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அன்றைக்குக் கடைசி டிரிப்பில் அவள் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தாள். நான் ஓட்டினேன். என் கால் நிஜமான பிரேக்கில் இருந்தது. அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இப்போது ரிட்டயர் ஆகிவிட்டேன். காலையில் மாட்டைக் கட்டிவிட்டுக் கிளம்புவோம். எந்த ஸ்டாப் என்பதை அவள்தான் முடிவு செய்கிறாள். அவளுக்குத்தான் முன்னால் வருவது தெரியும். பிடித்த இடமாக இருந்தால் எழுந்துகொள்வாள். நான் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அவள் தலை எழுந்தால் நானும் எழுந்துவிடுவேன்.

போன வாரம் அதைக் கோட்டைவிட்டேன். பின்கண்ணாடியையே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டேன். வண்டி எடுத்துவிட்டது. ரோட்டோரம் அவள் நிற்பது அந்தக் கண்ணாடியிலேயே தெரிந்தது. பச்சைப் புடவை. வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்திருந்தாள். சின்னதாகிக்கொண்டே போனாள். ஒரு நொடி எழுந்திருக்கவே தோன்றவில்லை. பிறகு கத்தினேன். கண்டக்டர் விசில் அடித்தான். இறங்கித் திரும்பி நடந்தேன். நான் நடக்க நடக்க அவள் பெரிதாகிக்கொண்டு வந்தாள்.

"தூங்கிட்டியா?"

"இல்ல. நாயப் பாத்துக்கினு இருந்தேன்."

"எந்த நாயி?"

கிளைப்பாதையில் திரும்பினோம். ஈர மண்ணில் வண்டித்தடம் போயிருந்தது. இரண்டு பக்கமும் கதிர் முற்றின வயல்.

"பாலத்தாண்ட ஒரு நாயி வண்டியத் தொரத்திச்சு. செம்பட்டை நாயி. ஒரு காது மடங்கிக் கெடந்துச்சு."

"அப்பால?"

"ரொம்ப தூரம் ஓடியாந்துச்சு. அப்பால நின்னுடுச்சு. நடு ரோட்லயே உக்காந்துக்கிச்சு."

"நின்னுட்டா மாதிரி நடிச்சிட்டு மறுபடி ஓடியாருமே, அது மாதிரியா?"

"இல்ல. நெஜமாவே உக்காந்துச்சு. வண்டி போறதப் பாத்துச்சு. எதிர்ல ஒரு ஸ்கூட்டரு வந்துச்சு. அதத் தொரத்தல."

"ஏனாம்?"

"தெர்ல. அதுக்கு நம்ம வண்டிதான் வேணும் போல."

அவள் சிரித்தாள். பாதை வளைந்தது. நானும் பேசிக்கொண்டே வளைந்தேன்.

"அப்பால?" என்றாள்.

"அப்பால ஒரு கெழவரு வந்தாரு. தோள்ல மம்ட்டி. நாயாண்ட நின்னு ஏதோ கேட்டாரு..."